ஐந்து கணினிகளுக்கும் ஒரே பாட்டு

கஞ்சமலைக்குக் கிழக்கே, தறிச் சத்தம் நின்றுபோனால் மட்டுமே ஜனங்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்க்கும் எங்கள் தெருவில், செங்கமலத்தம்மாள் வீட்டில் ஐந்து கணினிகள் இருந்தன. ஐந்தும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடும். கூடத்தில் இரண்டு, மாடியில் இரண்டு, சமையலறைக்கு வெளியே மாவு டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒன்று.

அந்த வீட்டில் தறி கிடையாது. ஊரிலிருக்கும் தறிகளுக்கு வேண்டிய சேலை டிசைன்களைத்தான் அங்கே கணினியில் கட்டம் கட்டமாக வரைந்தார்கள். ஒருவர் பார்டர் போடுவார், ஒருவர் முந்தி போடுவார், இன்னொருவர் உடல் முழுக்க வரும் புட்டாக்களைப் போடுவார். முன்பு ஆளுக்கொரு பாட்டைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ததில், குத்துப்பாட்டு கேட்டவர் போட்ட பார்டரில் மயில்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றன, சோகப்பாட்டு கேட்டவர் போட்ட முந்தியில் மாங்காய்கள் தலையைத் தொங்கப் போட்டன, இரண்டும் ஒரே சேலையாக நெய்யப்பட்டு, அதைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன பெண்ணைப் பார்த்தவர்களெல்லாம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சேலைக்கு ஒரு பாட்டு என்பது அந்த வீட்டின் சட்டமானது. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்திருந்த இளைய மகன் தினகரன், பழைய கணினி ஒன்றை மாடிப்படிக்குக் கீழே வைத்து, அதில் பாட்டுகளை நிரப்பி, வீட்டு வைஃபை வழியாக ஐந்து கணினிகளுக்கும் ஒரே பாட்டைப் போகவைத்தான். ஒரே ஒரு குறை: மாடிக்குப் போகும் பாட்டு ஒரு நொடி பிந்தித்தான் போய்ச் சேரும். மாடிப்படியின் நடுவில் நின்றால், ஒரு பாட்டு தன்னைத்தானே துரத்திக்கொண்டு ஓடுவதைக் கேட்கலாம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மின்சாரம் ஏறி இறங்கியதில் மாடிப்படிக்குக் கீழிருந்த அந்தப் பெட்டி கருகிப்போனது. செங்கமலத்தம்மாள் அதைத் தூக்கித் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போட்டாள். மறுநாள் காலையில் பாட்டு வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, டிசைன் போடுகிறவர்களும் வழக்கம்போல வேலை செய்தார்கள், மத்தியானம் கை கழுவப் போன பரிமளாதான் கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "அப்ப இது எங்கிருந்து வருது?" என்று கேட்டாள்.

பரிமளா பார்டர் போடுகிறவள். பார்டர் போடுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது எதுவாக இருந்தாலும் கண்ணில் படும். காலையிலிருந்து ஒரே அரை வரிதான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வார்த்தை தெரியாத இடங்களில் பாட்டு னானானா என்று ஓடியது. வயலின் வர வேண்டிய இடத்தில் வயலினை நினைத்துப் பார்ப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூத்த மருமகள் சுகந்தி அடுப்படியில் விரலைச் சுட்டுக்கொண்டு "ஸ்" என்றபோது ஐந்து கணினிகளும் சட்டென்று அடங்கி, அவள் விரலைத் தண்ணீரில் வைத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

தினகரன் அடுப்படி வாசலில் போய் நின்றான். "அண்ணி, இப்ப மனசுல என்ன பாட்டு ஓடுது?"

சுகந்தி வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. வெட்கத்தில் காது மடல் சிவந்தது. அவள் கல்யாணத்தன்று மண்டபத்தில் போட்ட பாட்டு ஐந்து கணினிகளிலும் எழும்ப, கூடத்திலிருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். தினகரன் மாடிப்படியின் நடுவில் போய் நின்று கேட்டான். கீழும் மேலும் ஒரே நொடியில் பாடின. ஒரு பாட்டு இன்னொன்றைத் துரத்தவில்லை.

"நான் மூணு வருஷமா சரிபண்ண முடியாதத அண்ணி ஒரு நாள்ல சரிபண்ணிட்டாங்க" என்றான்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பெட்டி இருந்த எடத்துல அரிசி மூட்டைய வைக்கலாம்" என்றாள் செங்கமலத்தம்மாள்.

எங்கள் தெருவும் அதை அந்த அளவில்தான் எடுத்துக்கொண்டது. மழைக்காலத்தில் ஒரு வீட்டுக் கிணறு மட்டும் உப்புக் கரிப்பதை எப்படி ஏற்றுக்கொள்கிறோமோ அப்படி. காலையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் ஜன்னல் வழியாக, "சுகந்தி, இன்னைக்கு வெள்ளிக்கிழம, அம்மன் பாட்டா நெனை கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு அந்த வீட்டிலிருந்து கோயில் வரை ஒயர் இழுத்துக் கட்டினார்கள். அவள் அடுப்படியில் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டே நினைத்ததை ஊரே கேட்டு நடந்தது. மனசுக்குள் தாளம் தப்பினால் மறுநாள் கடையில் கேட்டார்கள். மாவு மில் திருப்பம் வரை அவள் போனாலும் வீட்டில் பாட்டு கேட்டது, அதைத் தாண்டினால் கிழிந்து கிழிந்து வந்தது, அதனால் மாவு மில் திருப்பத்தைத் தாண்டி அவள் போகக் கூடாது என்று வீட்டில் முடிவானது. போக அவளுக்கு இடமும் இருக்கவில்லை. அம்மா அவளுடைய சிறு வயதிலேயே இறந்துவிட்டாள். ஓமலூர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் அவளை வளர்த்த அப்பா, அவள் கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம் போய்விட்டார். இந்த வீட்டில் வைஃபையைத் தவிர அவளுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்று தினகரன் வேடிக்கையாகச் சொல்வான், அவளும் சிரிப்பாள்.

ஆவணியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. படுத்திருந்தவளுக்கு என்னென்னவோ சோகப் பாட்டுகள் நினைவுக்கு வந்தன. அந்த வாரம் போட்ட டிசைன்களில் முந்தியும் பார்டரும் புட்டாவும் எல்லாமே ஒரே பாட்டைக் கேட்டதால், மாங்காய்கள் ஒன்றுபோல் தலைகுனிந்தன, அன்னங்கள் ஒன்றுபோல் திரும்பிப் பார்த்தன, கொடிகள் எதையோ பிடிக்கப் போய்க் கையை விட்டன. மூத்த மகன், சுகந்தியின் புருஷன் ஞானசேகர் அவற்றைப் பயந்துகொண்டேதான் வியாபாரிகளிடம் கொண்டுபோனான். அவர்கள் சேலையை மடியில் விரித்துப் போட்டு ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார்கள். "இந்தச் சேலையக் கட்டுற பொம்பளைய யாரும் எதுத்துப் பேச மாட்டாங்கப்பா. இதே மாதிரி போடுங்க" என்றார்கள்.

காய்ச்சல் விட்டதும் சுகந்தி குத்துப்பாட்டு நினைக்க ஆரம்பித்தாள். மயில்கள் காலைத் தூக்கின. வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள்.

அன்றிலிருந்து செங்கமலத்தம்மாள், வாசல் தெளிப்பதுபோல, பாலைக் காய்ச்சுவதுபோல, தினமும் காலையில் வேலையாட்கள் வந்து உட்காருவதற்குக் கொஞ்சம் முன்னால், மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டாள். எந்த வார்த்தை எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. குழந்தை இல்லாததைச் சொன்னால் சோகப்பாட்டு பத்து மணி வரைதான் ஓடும். சமையலைச் சொன்னால் காலைப் பலகாரத்தோடு சரி. அவளுடைய அப்பாவைச் சொன்னால் சாயங்காலம் விளக்கு வைக்கிற வரை தாங்கும்.

"ஏம்மா சுகந்தி, உங்கப்பனக் கதவ ஒடச்சுத்தானே எடுத்தாங்க? அடுப்புல வடிச்ச சோறு அப்படியே இருந்துச்சாமே."

"ஆமாங்க அத்தை."

"நீதான் இங்க வந்துட்டியே. அங்க கதவத் தொறக்க ஆளேது?"

சொல்லிவிட்டு அவளே காப்பியை ஆற்றி மருமகள் கையில் கொடுப்பாள், தலைமுடியில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிடுவாள். செங்கமலம் கெட்டவள் இல்லை என்றுதான் எங்கள் தெருவில் இன்றைக்கும் சொல்கிறோம். கூடத்தில் மவுஸ்கள் நகர ஆரம்பிக்கும். மாங்காய்கள் குனியும்.

ஆனால் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒவ்வொரு முறையும் பாட்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் தடுமாற்றம் இருந்ததைப் பரிமளா கவனித்தாள். ஏதோ ஒன்று கிளம்பும், கிளம்பிய வேகத்தில் அதன்மேல் ஒரு சினிமாப் பாட்டு வந்து விழுந்து மூடும். துருவித் துருவிக் கேட்டதில் சுகந்தி ஒரு நாள் சொல்லிவிட்டாள். பரிமளாவிடம் சொல்வது தெருவுக்குச் சொல்வது மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியாது.

அவள் அப்பா மொபெட்டில் உப்பும் கோலமாவும் விற்றவர். பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தெருத் திருப்பத்திலேயே வண்டியை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார். வண்டிச் சத்தம் இல்லாததால், வருவதைச் சொல்ல ஒரு விசில் அடிப்பார். அது எந்தப் பாட்டும் இல்லை. மேலே ஏறும், யாரோ வருகிறார்களா என்று பார்ப்பதுபோல அங்கேயே கொஞ்சம் நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும். இறங்கி முடிப்பதற்குள் அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்திருப்பாள். அப்பாவின் போட்டோ ஒன்று அவளிடம் இருந்தது. குரல் எதிலும் பதிவாகியிருக்கவில்லை. அந்த விசில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் அவள் தலைக்குள் மட்டும்.

"அத மட்டும் யாரும் கேக்கக் கூடாதுன்னு பாத்துக்கிறேன் பரிமளா. மத்ததெல்லாம் போனாப் போகுது" என்றாள்.

புரட்டாசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டு முடித்த அயர்ச்சியில், அரிசி மூட்டையில் சாய்ந்தபடி அவள் தூங்கிப்போனாள். விசில் வந்தது.

ஐந்து கணினிகளிலிருந்தும் அது ஏறி, நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது. தினகரன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே செல்போனைத் தூக்கிப் பிடித்து அதைப் பதிவு செய்தான். "உப்புக்காரர் வந்துட்டாருடோய், யாராச்சும் தட்டு எடுத்துட்டு வாங்க!" செங்கமலத்தம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சிரிப்பு அடங்கி எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது, கூடத்திலும் மாடியிலும் யாரும் யாரோடும் பேசாமல் ஒரே டிசைனைப் போட்டு வைத்திருந்தார்கள். வரிசையாகக் கதவுகள். ஒவ்வொன்றும் பாதி திறந்து, உள்ளேயிருந்து ஒரு வெளிச்சம் வாசற்படி வரை வந்து நின்றது.

தீபாவளிக்குக் கதவு பார்டர் வைத்த சேலையைத்தான் எல்லோரும் கேட்டார்கள். முந்தியிலும் அதே வேண்டும், உடலிலும் அதே வேண்டும், வேறு நிறத்தில், வேறு அளவில், ஒருச்சாய்த்த கதவு, இரட்டைக் கதவு என்று வியாபாரிகள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். தினகரன் தன் செல்போனில் பதிந்ததைப் போட்டுக் காட்டினான்; அதைக் கேட்டவர்கள் கையில் பூட்டிய இரும்பு கேட்டுகள்தான் வந்தன, அவற்றை யாரும் வாங்கவில்லை. விசில் அவள் தலையிலிருந்து நேராக வர வேண்டும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவளிடம் ஞானசேகரை அனுப்பினார்கள்.

"ஒரு விசில்தானே சுகந்தி. பாட்டுகூட இல்ல."

"வேற எது வேணும்னாலும் நெனைக்கிறேங்க. விடிய விடிய வேணும்னாலும் நெனைக்கிறேன்."

"அதுல அப்படி என்ன இருக்குது?"

"அது எனக்குங்க."

கீழே கூடத்தில் விசிலின் முதல் ஏற்றம் கணினிகளில் லேசாக எழும்பியது. எல்லோரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏறிய இடத்திலேயே அது அறுந்து, பேருந்தில் போடுகிற ஒரு பாட்டு தடதடவென்று வந்து விழுந்தது. "ச்சே" என்று மாடியில் யாரோ சொன்னது இருவருக்கும் கேட்டது. ஞானசேகர் அவளைப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு சினிமாப் பாட்டுகளை வைத்து மூடி அவளால் சமாளிக்க முடியவில்லை. எந்தப் பாட்டிலும் எங்கேயாவது ஓர் ஏற்றம் இருந்தது, ஏற்றத்தில் கால் வைத்தால் விசிலில் போய் முடிந்தது. அதனால் அவள் தறியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக எந்நேரமும் வருகிற டடக் டடக் டடக் என்ற சத்தத்தை மனசுக்குள் இழுத்து வைத்து, அது ஓட ஓட வேறொன்றும் உள்ளே வராதபடி பார்த்துக்கொண்டாள். ஐந்து கணினிகளும் தறிபோல ஓடின. வெளியிலும் தறி, உள்ளேயும் தறி. கணினிகளில் சத்தம் வரவில்லை என்றே முதலில் நினைத்தார்கள்.

தெருவில் யாரும் சும்மா இருக்கவில்லை. "குடுத்தாத்தான் என்ன கொறஞ்சிடும், அழுத்தக்காரி" என்றார்கள் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள். கதவு பார்டர் கிடைக்காத தறிகள் சும்மா நிற்கத் தொடங்கியபோது, தெருவில் சத்தம் குறைந்து, எல்லோரும் திடுக்கிட்டு நிமிர்ந்து, அவள் ஜன்னலைப் பார்த்தார்கள். செங்கமலத்தம்மாள் காலை வார்த்தையை மத்தியானத்துக்கும் சேர்த்துச் சொன்னாள். அதுவும் பலிக்காதபோது, உப்பு விற்கிற ஒருவரைப் பிடித்து, தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் மொபெட்டை அணைத்து உருட்டிக்கொண்டு வந்து இந்த வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னாள்.

முதல் நாள் சுகந்தி ஓடினாள். கையில் கரண்டியோடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். கணினிகளில் விசில் முழுசாக ஏறி, அங்கே நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வாசலில் நின்ற புது மனிதர், "கல்லுப்பா தூளுப்பாம்மா?" என்றார். டடக் டடக் என்று தறி ஓடத் தொடங்கியது. மறுநாள் ஏற்றம் பாதிதான் வந்தது. கொஞ்ச நாளில் அவள் நிதானமாக நடந்துபோய், ஒரு படி கல்லுப்பு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அடுப்படியில் உப்பு ஜாடிகள் நிறைந்து, குளியலறை வரை உப்பு வைத்தார்கள். தறி ஒரு முறைகூடத் தப்பவில்லை.

மார்கழியில் பரிமளா அவளிடம் மெதுவாக, "அக்கா, உங்கப்பா விசில் இப்பவும் பத்திரமா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"வெச்சிருக்கேன்" என்றாள் சுகந்தி. எங்கே வைத்தோம் என்று யோசிப்பவள்போலக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். "ஏறும். அப்புறம்..." என்றாள். கணினிகளில் தறி ஓடிக்கொண்டிருந்தது. "இரு, வரும்" என்றாள்.

தை பிறந்ததும் அந்த வீட்டில் பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். வண்டி ரிவர்ஸில் பின்பக்கமாக வரும்போது ஏதாவது ஒரு இசை போட வேண்டுமே என்று ஞானசேகர் சொன்னபோது, செங்கமலத்தம்மாள் தினகரனைப் பார்த்தாள். "உன் போன்ல இருக்குதில்ல, அதப் போடு. இதுக்காவது அசையறாளான்னு பாப்போம்."

சொல்லி வைத்த நாளில் டிசைன் போடுகிறவர்கள் எல்லோரும் ஒலியை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டு, மவுஸில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். தெருவும் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே வந்து நின்றது. மாவு மில் திருப்பத்தில் வேன் முதுகைத் திருப்பி, மெல்ல மெல்லப் பின்னால் வரத் தொடங்கியது. அப்பாவின் விசில் எங்கள் தெருவில் முதல் முறையாகத் திறந்த வெளியில் கேட்டது. ஏறியது, யாரோ வருகிறார்களா என்று பார்ப்பதுபோல நின்றது, இறங்கியது. மறுபடி ஏறியது.

ஐந்து கணினிகளிலும் டடக் டடக் டடக்.

சுகந்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தீபாவளிக்கு மாமியார் எடுத்துக் கொடுத்த கதவு பார்டர் சேலையின் முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடத்தைத் தாண்டி, ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்து, விசில் இறங்கி முடிப்பதற்குள் கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தாள். வேன் உள்ளே வந்து நின்றது.

"தம்பி, நல்லா இருக்குதே இந்த மியூசிக்" என்றாள். "எங்க புடிச்சீங்க?"

தினகரன் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டே, "வண்டியோட வந்ததுங்க அண்ணி" என்றான்.

"உன்ன யாரு ஓடி வந்து கேட்டத் தொறக்கச் சொன்னது?" என்று கேட்டாள் செங்கமலத்தம்மாள்.

"தெரியலைங்க அத்தை. தொறக்கணும்னு தோணுச்சு."

செங்கமலத்தம்மாள் உள்ளே திரும்பி, பாட்டுக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கச் சொன்னாள். அரிசி மூட்டை பழையபடி அடுப்படிக்குப் போனது, மாடிப்படிக்குக் கீழே பெட்டி வந்தது, மாடிக்குப் போகிற பாட்டு மறுபடி ஒரு நொடி பிந்தியது. சுகந்தி இப்போது மாவு மில்லைத் தாண்டியும் போகலாம்; யாரும் தடுப்பதில்லை, அவளும் போவதில்லை. உப்புக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கதவு பார்டர் பழையதாகி, தெருப் பெண்கள் அதை வீட்டில் கட்டுகிற சேலையாக்கிவிட்டார்கள்.

வேனால் ஒரு வசதி மட்டும் அந்த வீட்டுக்கு நிலைத்தது. சாயங்காலம் அது திருப்பத்தில் முதுகைத் திருப்பினால் போதும், யாரும் இறங்க வேண்டியதில்லை, ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. சுகந்தி எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு வந்து கேட்டைத் திறந்துவிடுவாள். வண்டி உள்ளே போய் அணைந்த பிறகும் அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு மாவு மில் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"வண்டிதான் வந்துடுச்சில்ல, இன்னும் யாரப் பாக்குற? மூடு" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"மூடிடறேங்க அத்தை" என்பாள் சுகந்தி, கேட்டிலிருந்து கையை எடுக்காமல்.